கட்டிலைச் சுற்றி இரும்பு

முதல் நங்கூரத்தைச் சகாயநாதன் தோளில் சுமந்து மாடிக்குக் கொண்டுவந்தபோது, கடைக்குள் மழைத்தண்ணீர் ஏறிவிட்டது போலிருக்கிறது என்றுதான் ரோசா நினைத்தாள். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போகிற வழியில் அவள் கணவருக்குக் கடை. விசைப்படகுக்கு வேண்டிய சங்கிலி, நங்கூரம், வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு, உடைத்த படகிலிருந்து வரும் பழைய இரும்பு எல்லாம் அங்கே கிடைக்கும். ஐப்பசி மழைக்குப் பயந்து சாமானை வீட்டுக்குக் கொண்டுவருவது புதிதல்ல. ஆனால் அவர் நங்கூரத்தைக் கட்டிலின் தலைமாட்டில், அவள் தலையணைக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரோடு சாய்த்து வைத்தார். வைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் போய், படம் மாட்டியவர் மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இங்க எதுக்குங்க அது?"

"இருக்கட்டும். உனக்கு நல்லது."

ரோசா மேலே கேட்கவில்லை. போன வருஷம் மார்பில் வந்த புற்றுநோய் இந்த வருஷம் முதுகெலும்புக்கு ஏறியிருந்தது. இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி இல்லை. "இனிமே வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க, வலி தெரியாம நாங்க மருந்து குடுக்கறோம்" என்று டாக்டர் சொன்னபோது ரோசாவுக்குப் புரிந்துவிட்டது. சகாயநாதன் மட்டும், "அடுத்து எப்ப கூட்டிட்டு வரணும் சார்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் எதைக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தாலும் அவள் மறுப்பதில்லை. வேளாங்கண்ணித் தீர்த்தம் வந்தது, வில்லியனூர் மாதா படம் வந்தது, யாரோ சித்த வைத்தியர் கொடுத்த கறுப்பு உருண்டை வந்தது. அந்த வரிசையில் இதுவும் ஒன்று.

ஆனால் நங்கூரம் ஒன்றோடு நிற்கவில்லை. மறுநாள் சங்கிலிச் சுருள்கள் வந்தன. பிறகு ஈயப் பாளங்கள். பார்க்கச் சின்னதாக, செங்கல் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு ஆள் ஒன்றைத் தூக்குவதற்குள் முகம் சிவந்துவிடும். பின்பக்க ஜன்னலுக்கு மேலே கப்பி கட்டி, கடை ஆட்களை வைத்து ஏற்றினார். "ஸ்டாக்" என்று அவர்களிடம் சொன்னார். முதலாளி பெண்டாட்டி சாகக்கிடக்கிற அறையில் ஸ்டாக் வைப்பார்களா என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்கவில்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் ஈயம் உயர்ந்தது. காலடியில் பழைய எஞ்சின் ஒன்று வந்து உட்கார்ந்தது. பகலிலும் அறை இருண்டது. துருவும் கிரீசும் கலந்த வாடையில் ரோசாவுக்குக் கஞ்சி இறங்கவில்லை.

அவளைப் பார்த்துக்கொள்ள வீராம்பட்டினத்திலிருந்து வரும் சொர்ணம்தான் முதலில் வாய் திறந்தாள். உடம்பு துடைக்கக் கட்டிலுக்கும் ஈயத்துக்கும் நடுவில் அவள் பக்கவாட்டில் நுழைய வேண்டியிருந்தது.

"இன்னாக்கா இது, கல்லறை கட்டற மாதிரி கட்டிகினு வர்றாரு?"

"பொழுதுபோகட்டும் விடு சொர்ணம். வேற என்ன செய்வாரு பாவம்."

சொல்லும்போதே ரோசாவுக்குத் தன் குரல் பொய்யாகக் கேட்டது.

அவர் என்ன செய்கிறார் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. இருதய ஆண்டவர் கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்தவர், வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவோ நாளாகிவிட்டிருந்தது. இரும்பு தேடி அலையவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

அதில் ஒரு பையன் கத்திப் பேசினான். கருந்துளை என்பது பிரபஞ்சத்தின் அரக்கன், பக்கத்தில் வருகிற எல்லாவற்றையும் உறிஞ்சி விழுங்கிவிடும் என்றான். பிறகு ஒரு ரப்பர் துணியை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி நடுவில் இரும்புக் குண்டை வைத்தார்கள். துணி பள்ளமாக அமுங்கியது. கோலிகள் அதைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பள்ளத்தில் விழுந்தன. கனம் இடத்தை வளைக்கிறது, வளைந்த இடத்தில் நேரம் மெதுவாகிறது என்றான் பையன்.

"கேட்டியா ரோசா? கனத்துக்குப் பக்கத்துல நேரம் மெதுவாப் போவுது. கருந்துளை ஓரத்துல விழறவன் அப்படியே நின்னுடுவானாம். அவனுக்குச் சாவே கிடையாதாம்."

"யாரோ புள்ளைங்க வேடிக்கைக்குப் போடறதுங்க…"

"வேடிக்கை இல்ல. கீழ் வீட்டுப் பொண்ணு காலேஜுல பிசிக்ஸ் எடுக்குது இல்ல? அதுகிட்டயே கேட்டுட்டேன். ஆமா, நிரூபிச்ச விஷயம்னு சொல்லிச்சு."

அவர் கண்களில் ஒரு வெளிச்சம் இருந்தது. டாக்டர் பேசிய நாளுக்குப் பிறகு அவள் அதைப் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. தீர்த்தத்தையும் உருண்டையையும் அவர் அரைமனதோடு கொண்டுவந்தார். இதை முழுமனதோடு நம்பினார்.

அந்த வீடு அவருடைய பாட்டனார் காலத்தது. ரயில் நிலையத்துக்கு இந்தப் பக்கம், பழைய ஊருக்குள், இரண்டு பக்கமும் வேறு வீடுகள் ஒட்டிய தெருவில் இருந்தது. மரத்தாலான உத்திரங்களுக்கு மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். மழைக்காலத்தில் அது ஈரம் குடித்துக் கனக்கும். கரையான் எந்த உத்திரத்தை எவ்வளவு தின்றிருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. கீழ்த்தளத்தில் சங்கவி தனியாகக் குடியிருந்தாள். விழுப்புரத்துப் பெண். தனியார் கல்லூரி ஒன்றில் வேலை. ஓட்டமும் நடையுமாகப் போய் வருவாள்.

கார்த்திகை பிறந்தும் மழை விடவில்லை. ஒரு நாள் காலையில் சொர்ணம் சாத்துக்குடி பிழிய உட்கார்ந்தாள். ஒரு பழம் கைநழுவி விழுந்தது. வாசற்படியருகே விழுந்த பழம் அங்கேயே நிற்கவில்லை. மெல்ல உருண்டது. எஞ்சினில் முட்டி, வளைந்து, ஈயத்தை ஒட்டியே போய், கட்டிலுக்கு அடியில் நடுத்தரையில் போய் நின்றது.

சொர்ணம் கையில் கத்தியோடு அப்படியே இருந்தாள். பிறகு வேண்டுமென்றே இன்னொரு பழத்தை வேறு மூலையிலிருந்து விட்டாள். அதுவும் அதே இடத்துக்குப் போனது.

"மாதாவே" என்றாள் ரோசா.

வாசலில் நின்ற சகாயநாதன் இதைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. உள்ளே ஓடிவந்து முழங்காலிட்டு, தரையைத் தடவிப் பார்த்தார். பிறகு மூன்றாவது பழத்தை அவரே எடுத்து உருட்டிவிட்டார்.

"வளையுது! ரோசா, பாத்தியா? வளைய ஆரம்பிச்சிருச்சு!"

"ஐயா, தளம் எறங்குதுய்யா" என்றாள் சொர்ணம். "உத்திரம் தாங்கல. எங்க ஊருல ஐஸ் பாக்டரி மாடி இப்படித்தான்…"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. வாயை மூடு."

முப்பது வருஷத்தில் அவர் வேலைக்காரர் யாரையும் அப்படிப் பேசி ரோசா கேட்டதில்லை. அவர் அந்தப் பழங்களை எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்துவிட்டு, இன்னும் ஈயம் வாங்க வேண்டும் என்று கடலூருக்குக் கிளம்பிப் போனார்.

மதியத்துக்குமேல் சங்கவி மாடிக்கு வந்தாள். அவள் சமையலறைக் கூரையிலிருந்து காலையெல்லாம் சுண்ணாம்பு உதிர்கிறதாம். பால் பாத்திரத்தில் செங்கல் துண்டு ஒன்று விழுந்ததாம். புகார் சொல்ல வந்தவள் அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள்.

"ஆன்ட்டி… இதெல்லாம் என்ன?"

ரோசா சொன்னாள். சங்கவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.

"அங்கிள் படியில கேட்டாரு ஆன்ட்டி. நான் பையை மாட்டிட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டிருந்தேன். கனத்துக்குப் பக்கத்துல நேரம் மெதுவாப் போவுமான்னாரு. ஆமான்னேன். எவ்ளோன்னு சொல்ல வாயெடுத்தேன், 'ஆமான்னா போதும்மா'ன்னுட்டுப் போயிட்டாரு."

"அப்ப அது நெசம்தானா?"

"நெசம்தான். ஆனா எவ்ளோ? நம்ம காலுக்குக் கீழ மொத்தப் பூமியும் இருக்கு. அவ்ளோ கனமும் சேர்ந்து ஒரு மனுஷனோட முழு ஆயுசுக்கு ஒண்ணு ரெண்டு செகண்டுதான் தள்ளிப் போடுது. பூமியே பக்கத்துல இல்லாத ஒரு கடிகாரத்தோட ஒப்பிட்டா, அவ்ளோதான். இந்த ரூம் இரும்பு எந்த மூலைக்கு? இதைவிட, இந்த மாடியில இருந்து கீழ் வீட்டுக்கு இறங்கிட்டாலே கோடி மடங்கு அதிகமா மெதுவாகும். அந்தக் கோடி மடங்கையும் கண்ணால பாக்க முடியாது, காதால கேக்க முடியாது."

"அந்த ரப்பர் துணி?"

"அது சும்மா படம் ஆன்ட்டி. குண்டு துணியை அமுக்குதுன்னா, கீழ இருக்கிற பூமி குண்டை இழுக்குது, அதனால அமுக்குது. வானத்துல குண்டுக்குக் கீழ யாரு இருக்கா? துணியும் கிடையாது, பள்ளமும் கிடையாது. கருந்துளை உறிஞ்சும்கிறதும் அப்படித்தான். சூரியனை எடுத்துட்டு அதே கனத்துக்கு ஒரு கருந்துளையை வெச்சா நாம குளிர்ல செத்துப் போவோம். ஆனா உள்ள இழுக்காது. பூமி இப்ப சுத்தற வழியிலேயே சுத்திட்டிருக்கும்." அவள் மூச்சு வாங்கினாள். "நான் இதையெல்லாம் அன்னிக்குப் படியில நின்னு சொல்லியிருக்கணும்."

ரோசா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டுக்குப் பக்கத்தில் பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் ஒரு நொத்தேர் அலுவலகத்தில் அவள் இருபது வருஷத்துக்குமேல் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்களைத் தமிழாக்கி, தமிழ்ப் பத்திரங்களைப் பிரெஞ்சாக்கி அவள் கண் கெட்டது. 'இன்னாருக்கு' என்ற ஒரு சொல் விட்டுப்போனால் ஒரு வீடே வேறு குடும்பத்துக்குப் போய்விடும். அந்தப் பழக்கத்தில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நேரம் மெதுவாப் போவுதுன்றியே, யாருக்கு?"

சங்கவி நிமிர்ந்து பார்த்தாள். "சரியான கேள்வி ஆன்ட்டி. உள்ள இருக்கிறவங்களுக்கு இல்ல. அவங்க கடிகாரம் அவங்களுக்கு எப்பவும் போலத்தான் ஓடும். பசி அதே பசி, வலி அதே வலி. வெளிய இருந்து பாக்கிறவங்களுக்குத்தான் மெதுவாத் தெரியும். கருந்துளைக்குள்ள விழறவர் அப்படித்தான். நமக்கு அவர் ஓரத்துல நின்னுட்ட மாதிரி தெரியும். அவருக்கு அங்க ஓரம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. நேரா உள்ள போயிடுவாரு. நாம பாக்கிறது கடைசியா அவரை விட்டுக் கெளம்பின வெளிச்சத்தை."

"அப்ப எனக்கு ஒரு நிமிஷம்கூட கூடாது."

"கூடாது ஆன்ட்டி."

"அவருக்குத்தான் கூடும்."

அப்போது கட்டிலுக்கு அடியில் எங்கோ மரம் ஒரு சத்தம் போட்டது. யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பது போல. மூன்று பெண்களும் அசையாமல் இருந்தார்கள்.

அன்று மாலை அவர் திரும்பி வந்ததும் ரோசா கேட்டுவிட்டாள். "என்னங்க, மெதுவாப் போறது எனக்கா, உங்களுக்கா?" அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. "எல்லாம் ஒண்ணுதான். காப்பி குடிச்சியா?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சங்கவி படியில் வழிமறித்துக் கணக்கெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "சின்னதா இருந்தா என்னம்மா, சேர்க்கச் சேர்க்கக் கூடும் இல்ல?" என்றார். தளம் விழுந்துவிடும் என்றாள். "எங்க பாட்டன் கட்டினது" என்றார். கடைசியில் அவள் குரல் உயர்ந்தபோது அவர் உயர்த்தவில்லை. "உங்க வீட்டுல யாரும் படுத்துக் கிடக்கல. நீங்க பேசலாம்" என்றார் தாழ்ந்த குரலில். அந்தத் தாழ்ந்த குரல்தான் தன்னை மிரட்டியது என்று சங்கவி பிறகு ரோசாவிடம் சொன்னாள்.

புயல் சின்னம் என்று இரண்டு நாளாக டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை விடிந்ததும் தெரியாமல் மழை கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். அந்த மழையிலும் கடலூரிலிருந்து டெம்போ வந்தது. ஆட்கள் நனைந்துகொண்டே ஈயத்தைக் கப்பியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு பாளமும் தரையில் உட்காரும்போது கட்டில் லேசாக நடுங்கியது. ரோசாவின் உணர்ச்சியற்ற காலுக்கு அது தெரியவில்லை. பல்லுக்குத் தெரிந்தது. டெம்போ காலியானதும் ஆட்கள் போய்விட்டார்கள்.

சங்கவி அன்று கல்லூரிக்குப் போகவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, வருகிறோம் என்றார்கள். அவள் மேலே ஓடிவந்தபோது உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி.

"ஆன்ட்டி, என் சமையல்கட்டு உத்திரம் நீளவாக்குல பொளந்திருக்கு. என் விரல் உள்ள போவுது. உங்களை இப்பவே எறக்கணும்."

"ஐயா விடமாட்டாரு" என்றாள் சொர்ணம். அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் கட்டிலை விட்டு நகரவில்லை. அதை ரோசா பார்த்தாள். இந்தப் பெண் தன்னோடு சேர்ந்து விழுவாள், ஓடமாட்டாள் என்பது அவளுக்குப் புரிந்தது. அப்போதுதான் ரோசா முடிவு செய்தாள்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். முன்னறையிலிருந்து அவர் வந்தார். கையெல்லாம் ஈயக் கறுப்பு.

"சங்கவி ஒரு விஷயம் சொன்னா. உங்களுக்கு யாரும் சொல்லல. உயரமான எடத்துல நேரம் வேகமாப் போவுதாம். பூமிக்குக் கிட்டப் போகப் போக மெதுவாகுமாம். இந்த இரும்பு மொத்தமும் செய்யறதைவிட, கீழ எறங்கினாலே கோடி மடங்காம். நீங்க என்னை மாடியிலயே வெச்சிருக்கீங்க."

அவர் சங்கவியைப் பார்த்தார். "நெசமா?"

சங்கவி ரோசாவைப் பார்த்தாள். ரோசா கண்ணை மூடித் திறந்தாள்.

"நெசம்தான் அங்கிள்" என்றாள் சங்கவி. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தனை நாள் வீணாப் போச்சே! சொர்ணம், அந்தப் பக்கம் புடி!"

போர்வையோடு சேர்த்து அவளைத் தூக்கினார்கள். ஈயச் சுவருக்கு நடுவே நெளிந்து வெளியே வந்தார்கள். படியில் இறங்கும்போது அவர் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. இவ்வளவு கிட்டத்தில் அந்த மூச்சு பட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. கீழே, பின்கட்டுக்குள் போகவிடாமல் சங்கவி தெருவாசலை ஒட்டிய நடையில் பாயை விரித்தாள். வாசற்கதவைத் திறந்து வைத்தாள். மழைச்சாரல் ரோசாவின் முகத்தில் அடித்தது.

"இங்க இருங்க" என்றாள் ரோசா அவர் கையைப் பிடித்து. "என் பக்கத்துல உக்காருங்க."

"இரு, வந்துடறேன். ஈயத்தைக் கீழ கொண்டாந்து உன்னைச் சுத்தி வெச்சா ரெண்டும் சேரும் இல்ல? கீழயும் ஆச்சு, கனமும் ஆச்சு."

இதை அவள் யோசிக்கவில்லை. பாதி உண்மையைச் சொல்லித் தன்னை இறக்கிக்கொண்டவள், மீதிப் பாதியை அவர் தானே நிரப்பிக்கொள்வார் என்று யோசிக்கவில்லை. அவள் கையில் பிடிக்கப் பலமில்லை. அவர் விரல்கள் சோப்பு மாதிரி நழுவின.

"வேணாங்க! போகாதீங்க! சங்கவி, புடி அவரை!"

சங்கவி படிவரை ஓடினாள். அவர் அதற்குள் மேலே போய்விட்டார். மாடித்தரையில் அவர் செருப்புச் சத்தம் உள்ளறை நோக்கிப் போவது கேட்டது. ஒரு பாளத்தை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மரம் பல்லைக் கடித்தது. இந்தத் தடவை அது நிற்கவில்லை.

அந்தச் சத்தத்தை ரோசா பிறகு யாரிடமும் விவரித்ததில்லை. வீட்டின் பின்பாதி அப்படியே உட்கார்ந்தது. சங்கவியின் சமையலறை இருந்த இடத்திலிருந்து ஒரு வெள்ளைப் புகை நடை முழுக்க வந்து, வாசல் வழியாகத் தெருவில் பாய்ந்து, மழையில் கரைந்தது. புகை அடங்கியபோது மேலே வானம் தெரிந்தது. கட்டில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. சொர்ணம் ரோசாவின் மேல் கவிழ்ந்து படுத்திருந்தாள், கூரை தங்கள் மேலும் விழும் என்று நினைத்து.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள். தீயணைப்பு வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. இரும்பு என்பதால் நகர்த்த நேரமாயிற்று. அவர் உயிரோடு இருந்தார். எஞ்சினுக்கு அடியில் வலதுகால் சிக்கியிருந்தது. வெளியே கொண்டுவந்தபோது அவர் முகம் சுண்ணாம்பில் சிலை மாதிரி இருந்தது. அவர் ரோசாவைத் தேடினார். "எறங்கிட்டியா?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். ஆம்புலன்ஸ் கதவு மூடியது.

ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரோசாவை அவள் தங்கை லினெட் முதலியார்பேட்டையில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மார்கழி முழுக்க இருவரும் ஆளுக்கொரு இடத்தில் படுத்துக் கிடந்தார்கள். சங்கவி வேறு வீடு பார்த்துப் போனாள். போகுமுன் ஒருநாள் வந்து ரோசாவின் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "நீ என்னடி பண்ணுவ, நான்தான் உன்னைப் பாதியில நிறுத்தச் சொன்னேன்" என்றாள் ரோசா. அந்தப் பெண் அழுதாள். ரோசாவுக்கு அழுகை வரவில்லை. பின்னறையில் யாராவது பெட்டியை நகர்த்தினால்கூட உடம்பு உதறிப் போட்டது.

பொங்கல் கழித்து அவரைக் கூட்டி வந்தார்கள். லினெட் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டில் போட்டாள். கொல்லையைப் பார்த்த அறை. மழை போய் வெயில் வந்திருந்தது. ரோசா மிகவும் இளைத்துவிட்டாள். வலி மருந்தின் அளவு கூடியிருந்தது. அவர் கொல்லையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து ஒரு பிற்பகல் அவர் கேட்டார். "அந்தக் கிணறு எவ்ளோ ஆழம் இருக்கும்?"

ரோசா திரும்பிப் பார்த்தாள். கொல்லை மூலையில் லினெட் வீட்டுக் கிணறு. தண்ணீர் வற்றிப்போய், மேலே தகரம் போட்டுக் கிடந்தது.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாத்தான். தண்ணி இல்லன்னா உள்ள ஆள் எறங்கலாம் இல்ல. ஒரு கட்டில்கூடப் போடலாம்."

வெயில் காய்கிற அறையில் அவளுக்குக் குளிரெடுத்தது. அன்று மாடியில் தான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லத்தான் வேண்டும் என்று தெரிந்தது. நாக்கு குழறினாலும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "கேளுங்க. கிணத்துல போட்டாலும், மலைமேல போட்டாலும், எனக்கு என் நேரம் எனக்குள்ள ஒண்ணுபோலத்தான் ஓடும். ஒரு மூச்சு கூடாது. இருக்கிற மூச்சுதான். மெதுவாத் தெரியறது வெளிய இருக்கிற உங்களுக்கு. புரியுதா? நீங்க எனக்கு எதையும் குடுக்கல."

"தெரியும்" என்றார் அவர்.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"மொதல் வீடியோவுலேயே அந்தப் பையன் சொன்னான். உனக்கு நான் போட்டுக் காட்டினது பாதி." அவர் இன்னும் கிணற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குக் கூடாதுன்னு தெரியும் ரோசா. எனக்குக் கூடும் இல்ல? நீ ஒரு மூச்சு விடறதை நான் நூறு வருஷம் உக்காந்து பாக்கலாம் இல்ல?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதர். கல்யாணத்துக்கு மறுநாள் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், பேசத் தெரியாமல் படகுகளின் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்த மனிதர். அவர் மேல் பாசம் பொங்கியது. அதே நேரத்தில், கட்டிலை விட்டு இறங்கி ஓட முடிந்திருந்தால் ஓடியிருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

சொர்ணம் கஞ்சியோடு வந்தாள். ரோசா அவளைக் குனியச் சொல்லிக் காதில் பேசினாள். "லினெட்கிட்ட சொல்லு. அந்தக் கிணத்தை மண்ணு கொட்டி மூடச் சொல்லு. இன்னிக்கே ஆளைக் கூப்பிடச் சொல்லு." சொர்ணம் அவரைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், தலையாட்டிவிட்டுப் போனாள்.

"என்னங்க" என்றாள் ரோசா. "கையைக் குடுங்க."

அவர் இரண்டு கட்டிலுக்கும் நடுவே கையை நீட்டினார். அவள் தன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை நழுவவிடவில்லை. கொல்லையில் காக்கை ஒன்று தகரத்தின் மேல் தத்தித் தத்தி நடந்தது. மாலைக்குள் மண் வண்டி வந்துவிடும். அதுவரைக்கும் விடக்கூடாது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.